ஆளரவமற்ற ஓடையில் நுண்நெகிழியை அளக்க எந்த வழி ஏற்றது?

ஒரு லிட்டர் தண்ணீரின் எடை ஒரு கிலோ. சாலை முடியும் இடத்திலிருந்து ஒரு பகல் முழுவதும் நடந்தால்தான் சேர முடிகிற ஓடையில் நுண்நெகிழியை ஆராயப் புறப்படும் சிறு குழுவின் முடிவுகளில் பாதியை இந்த எடைக்கணக்கே எடுத்துவிடுகிறது. கண்ணாடிக் குடுவைகளின் எடையும் சேர்ந்தால், ஓர் ஆள் ஏழெட்டு லிட்டருக்கு மேல் சுமந்துகொண்டு மலையிறங்குவது கடினம். பிளாஸ்டிக் குடுவையில் எடை குறையும். ஆனால் எந்தப் பொருளைத் தேடுகிறோமோ அந்தப் பொருளாலான கலத்திலேயே மாதிரியை அடைத்ததாகிவிடும். எனவே தண்ணீரை அப்படியே கொண்டுவருவதா, ஓடைக்கரையிலேயே வடிகட்டித் துகள்களை மட்டும் கொண்டுவருவதா, வலை கட்டுவதா, அல்லது தண்ணீரை விட்டுவிட்டு அடிமணலை அள்ளுவதா என்ற கேள்வி முதலிலேயே வந்து நிற்கிறது. எந்த நுண்ணோக்கி, துகள் எந்தப் பொருளால் ஆனது என்று காட்டும் எந்த நிறமாலைக் கருவி என்பதெல்லாம் அதற்குப் பிறகு வருபவை. பணமும் ஆட்களும் குறைவாக உள்ள ஒரு குழு இவற்றுள் எதைத் தேர்ந்தெடுப்பது நல்லது என்பதையே இங்கே எடைபோட்டுப் பார்க்கிறேன்.

5 மில்லிமீட்டருக்குக் குறைவான நெகிழித் துகள்களை நுண்நெகிழி என்கிறோம். 2004-இல் ரிச்சர்ட் தாம்சனும் அவருடைய சக ஆய்வாளர்களும் கடற்கரை மணலில் இத்தகைய துகள்களைக் காட்டியதிலிருந்து நீண்ட காலம் கவனமெல்லாம் கடலின் மீதே இருந்தது. ஊரும் ஆலையும் இல்லாத மலையோடைக்கு இது எப்படி வந்துசேரும் என்ற ஐயத்துக்குப் பிற்பாடு வந்த ஆய்வுகள் விடை தந்தன. பிரான்சின் பிரனீஸ் மலையில், ஊர்களிலிருந்து விலகிய ஒரு வானிலை நிலையத்தில் ஐந்து மாதங்கள் திரட்டப்பட்ட படிவுகளில், நாளொன்றுக்கு ஒரு சதுர மீட்டர் பரப்பில் சராசரியாக 365 நுண்நெகிழித் துகள்கள் விழுவதாக 2019-இல் வெளியான ஆய்வு கூறியது. அவை காற்றில் 95 கிலோமீட்டர் வரை பயணித்து வந்திருக்கக்கூடும் என்றும் அது கணித்தது. அமெரிக்காவின் மேற்குப் பகுதியிலுள்ள பாதுகாக்கப்பட்ட காடுகளிலும் பூங்காக்களிலும் ஆண்டுக்கு 1,000 டன்னுக்கு மேல் நுண்நெகிழி மழையோடும் காற்றோடும் விழுகிறது என்று 2020-இல் மற்றோர் ஆய்வு மதிப்பிட்டது.

காற்றில் வந்து விழுபவை பெரும்பாலும் மெல்லிய இழைகளும் மிகச் சிறிய துணுக்குகளுமே. நகரத்தைக் கடந்து வரும் ஆற்றில் கிடைப்பது போன்ற பை, போத்தல் ஆகியவற்றின் துண்டுகள் மலையோடையில் அரிது. அதோடு, அங்கே துகள்களின் அடர்வும் மிகக் குறைவு. தேடும் பொருள் மெல்லியது, அரியது என்ற இவ்விரண்டையும் மனத்தில் வைத்துக்கொண்டே ஒவ்வொரு வழியையும் பார்க்க வேண்டும்.

தண்ணீரை எடுக்கும் வழிகள்

வலையைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். கடலிலும் ஏரியிலும் பழக்கமான முறை அது, வழக்கமாக 0.3 மில்லிமீட்டர் அளவுள்ள கண்களைக் கொண்ட வலையை இழுத்துச் சென்றோ, ஓட்டத்துக்கு எதிரே நிறுத்தியோ ஆயிரக்கணக்கான லிட்டர் நீரைச் சலித்துவிடலாம். மங்கோலியாவின் ஒதுக்குப்புறமான ஹோவ்ஸ்கோல் ஏரியில் சதுர கிலோமீட்டருக்குச் சராசரியாக 20,264 துகள்கள் என்று 2014-இல் கணக்கிட்டது இத்தகைய வலையைக் கொண்டுதான். ஆனால் ஆடை இழையின் தடிமன் 10 முதல் 20 மைக்ரோமீட்டர் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) வரைதான். அது வலைக்கண்ணில் நீளவாக்கில் நுழைந்து வெளியேறிவிடும். முழங்கால் ஆழம்கூட இல்லாத ஓடையில் வலையின் வாய் முழுதாக மூழ்காது. இலைச் சருகு அடைத்துக்கொண்டால் தண்ணீர் வலையைச் சுற்றிக்கொண்டு போகும். அப்போது எவ்வளவு நீர் உள்ளே சென்றது என்ற கணக்கே தவறிவிடும். போதாக்குறைக்கு, வலையே நைலானால் ஆனது. பெரிய துண்டுகள் எவ்வளவு அடித்துக்கொண்டு வருகின்றன என்பது மட்டுமே கேள்வியாக இருந்தால் வலை நல்ல கருவி. ஆறு தொடங்கும் இடத்துச் சிற்றோடையாகிய தலையோடைக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

குடுவையில் அப்படியே மொண்டு வருவது எளிய முறை. ஓட்டத்தை எதிர்நோக்கி நின்று, கையை நீட்டி, நீர்மட்டத்துக்குக் கீழே மூடியைத் திறந்து, அதே நீரால் மூன்று முறை அலசி, அலசிய நீரைத் தமக்குக் கீழ்ப்புறம் கொட்டிவிட்டு, நான்காவது முறை நிரப்பித் தண்ணீருக்குள்ளேயே மூடியையும் திருகிவிட வேண்டும். காற்றில் மிதக்கும் ஓர் இழைகூடக் குடுவைக்குள் விழ வாய்ப்பில்லாமல் செய்வதே இதன் நோக்கம். பத்து நிமிடத்தில் யாருக்கும் கற்றுத்தரலாம். வலையில் தப்பும் இழைகள் எல்லாம் இதில் சிக்கிவிடுகின்றன. இரண்டு முறைகளையும் கடல்நீரில் அருகருகே வைத்துப் பார்த்த 2017-ஆம் ஆண்டு ஆய்வில், ஒரே அளவு நீருக்குக் குடுவை மாதிரி காட்டிய எண்ணிக்கை வலையில் கிடைத்ததைவிட ஆயிரம் மடங்குக்கும் மேலாக இருந்தது. வலையில் எடுத்த எண்ணையும் குடுவையில் எடுத்த எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து இந்த நீர் தூயது, அந்த நீர் மாசுற்றது என்று பேசுவது எவ்வளவு தவறானது என்பதற்கு இந்த ஓர் எண்ணே போதும்.

குடுவை முறையின் குறை அதன் கொள்ளளவில் இருக்கிறது. லிட்டருக்குச் சராசரியாக ஒரு துகள் இருக்கும் ஓடையில், துகள்கள் தற்செயலாகப் பரவியிருப்பதாகக் கொண்டால், ஒரு லிட்டர் குடுவைகளில் நூற்றுக்கு 37 குடுவைகள் வெறுமையாகவே வரும். பத்து லிட்டருக்கு ஒரு துகள்தான் என்றால் நூற்றுக்கு 90 குடுவைகளில் ஒன்றுமே இருக்காது. அப்படிப்பட்ட ஓடையிலிருந்து மூன்று குடுவைகளைக் கொண்டுவந்து, மூன்றிலும் ஒன்றுமில்லை என்று கண்டு, ஓடை தூய்மையாக இருக்கிறது என்று எழுதினால் அது ஆய்வாகாது. அந்த ஓடையில் குறைந்தது ஒரு துகளையாவது 95 விழுக்காடு உறுதியோடு பார்க்க 30 லிட்டர் வேண்டும். உண்மையில் துகள்கள் சீராகப் பரவியிருப்பதும் இல்லை. அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் காலட்டின் ஆற்றுப் படுகையில் தன்னார்வலர்கள் 72 இடங்களில் எடுத்த 714 மாதிரிகளை அலசிய ஆய்வு 2018-இல் வெளிவந்தது. அதில் சராசரி லிட்டருக்கு 1.2 துகள், துகள்களில் 80 விழுக்காடு இழைகள். தற்செயலான பரவல் என்றால் 70 விழுக்காடு மாதிரிகளில் துகள் இருந்திருக்க வேண்டும். இருந்ததோ 57 விழுக்காட்டில். அதாவது துகள்கள் ஓரிடத்தில் திரளாகவும் வேறிடத்தில் இல்லாமலும் வருகின்றன. அந்த ஆய்வு குடுவை முறையையே தேர்ந்தெடுத்தது சரியானதே, ஏனென்றால் அவர்களுக்கு நூற்றுக்கணக்கான கைகள் இருந்தன. இரண்டு ஆண்டுகள் திரும்பத் திரும்ப எடுத்த மாதிரிகளுக்கு நடுவில் வெறும் குடுவைக்கும் பொருள் இருந்தது. நான்கு பேர், இரண்டு பயணங்கள் என்ற நிலையில் உள்ள குழுவுக்கு அந்த வசதி இல்லை.

ஆகவே என் தேர்வு மூன்றாவது வழி: ஓடைக்கரையிலேயே வடிகட்டுவது. அளவு குறித்த எவர்சில்வர் வாளியால் நீரை மொண்டு, மேலே 5 மில்லிமீட்டர் சல்லடையில் சருகுகளை நிறுத்தி, கீழே 20 மைக்ரோமீட்டர் அளவுள்ள எஃகு வலைத்தட்டில் துகள்களைத் தங்கவிடலாம். அல்லது கைப்பம்பும் உலோக வடிகட்டிக் கூடும் கொண்டு மூடிய குழாய்வழியாகவே நீரைச் செலுத்தலாம். 30 லிட்டர் நீர் ஓடைக்கே திரும்பிப் போய்விட, மடித்த அலுமினியத் தாளுக்குள் உள்ளங்கையளவு தட்டு ஒன்று மட்டும் பையில் ஏறும். எடைக்கணக்கு தீர்ந்தது, புள்ளியியல் கணக்கும் தீர்ந்தது.

இதற்கும் விலை உண்டு. 20 மைக்ரோமீட்டருக்குக் கீழுள்ளவை தட்டில் தங்காமல் போய்விடும். வடிகட்ட ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகலாம். அவ்வளவு நேரமும் திறந்த தட்டின் மீது நம் உடையும் பையும் இழைகளை உதிர்த்துக்கொண்டிருக்கும். முதல் பயணத்தில் எங்கள் தட்டுகளில் பளிச்சென்ற செம்மஞ்சள் இழைகள் தென்பட்டபோது குழுவே பரபரப்படைந்தது. அருகில் வைத்துப் பார்த்தபோது அந்த நிறமும் முறுக்கும் எங்களுடைய முதுகுப்பை ஒன்றின் தோள்பட்டையோடு அப்படியே பொருந்தின. அந்தத் தட்டுகள் அனைத்தையும் ஆய்விலிருந்து நீக்க வேண்டியதாயிற்று. அதனால்தான் பம்பும் மூடிய குழாயும் கூடுதல் செலவானாலும், திறந்த சல்லடையைவிட அவற்றையே பரிந்துரைக்கிறேன். காற்றின் திசைக்குக் கீழ்ப்புறம் ஆட்கள் நிற்பது, எல்லோரும் ஒரே நிறத்தில், எளிதில் அடையாளம் காணக்கூடிய பருத்தி உடை அணிவது, பை, கயிறு, கூடாரம் ஒவ்வொன்றிலிருந்தும் ஓர் இழையை எடுத்து ஒப்பீட்டுக்காகப் பத்திரப்படுத்துவது ஆகியவை செலவில்லாத பாதுகாப்புகள்.

வெற்று மாதிரி எத்தனை?

எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும் வெற்று மாதிரி இல்லாத எண் எண்ணே அல்ல. முன்கூட்டியே மிக நுண்ணிய வடிதாளில் வடிகட்டிய தூய நீரைக் கொண்டுபோய், ஓடை நீருக்குச் செய்யும் அத்தனையையும் அதே இடத்தில், அதே நேர அளவில் அதற்கும் செய்வதே கள வெற்று மாதிரி. அதில் எத்தனை இழை தென்படுகிறதோ அத்தனையும் நம்மிடமிருந்து வந்தவை. மூன்று வெற்று மாதிரிகளில் 2, 3, 4 இழைகள் இருந்ததாக வைத்துக்கொள்வோம். சராசரி 3, எண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியுள்ளன என்று காட்டும் திட்ட விலக்கம் 1. சராசரியோடு விலக்கத்தின் மூன்று மடங்கைக் கூட்டும் வழக்கப்படி, 6-க்கு மேல் வந்தால்தான் ஓடையில் இழை இருந்தது என்று சொல்ல உரிமை உண்டு. ஒரு லிட்டர் குடுவையில் 5 இழைகளைக் கண்டவர் ஒன்றும் சொல்ல முடியாது. 30 லிட்டர் வடிகட்டித் தட்டில் 40 இழைகளைக் கண்டவர் தாராளமாகச் சொல்லலாம். நம்மால் சேரும் மாசு கையாளும் தடவையையும் நேரத்தையும் பொறுத்தது. ஓடையிலிருந்து வரும் துகளோ நீரின் அளவைப் பொறுத்தது. நீரைக் கூட்டக் கூட்ட முதலாவது மெதுவாகவும் இரண்டாவது விரைவாகவும் வளர்கின்றன. கரையிலேயே நிறைய வடிகட்ட வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்கு எடையைவிட இதுவே பெரிய காரணம்.

ஆகவே பணத்தைப் பங்கிடும்போது 20 இடங்களில் ஒவ்வொரு மாதிரி என்று வரைபடத்தை நிரப்புவதைவிட, நான்கு இடங்களில் மும்மூன்று மாதிரியும் இடத்துக்கு ஒரு வெற்று மாதிரியும் எடுப்பதே மேல். இடங்கள் குறைந்தால் பார்வைக்கு ஆய்வு சிறிதாகத் தோன்றும் என்பது உண்மைதான். ஆனால் நான்கு இடங்களைப் பற்றி உறுதியாகச் சொல்ல முடிவது, இருபது இடங்களைப் பற்றி ஊகிப்பதைவிடப் பயனுள்ளது.

அடிமணலைச் சேர்ப்பதா?

ஓடும் நீர் அந்த நேரத்து நிலையை மட்டுமே காட்டும். அடிமணல் கடந்த காலத்தையும் சேர்த்து வைத்திருக்கும். இங்கிலாந்தின் வடமேற்கில் 40 இடங்களில் ஆற்றுப்படுகையை வெள்ளத்துக்கு முன்னும் பின்னும் அளந்த 2018-ஆம் ஆண்டு ஆய்வு, படுகையில் இருந்த நுண்நெகிழியில் ஏறக்குறைய 70 விழுக்காட்டை வெள்ளம் அடித்துச் சென்றதைக் காட்டியது. தலையோடைகளுக்கு இன்னும் நெருக்கமான செய்தி 2022-இல் வந்தது: நீரோட்டம் படுகை மணலுக்குள் புகுந்து வெளிவரும்போது துகள்களையும் இழுத்துச் சென்று அங்கே தங்கவைக்கிறது என்றும், நீர் குறைந்த காலத்தில் தலையோடையில் ஒரு துகள் ஒரு கிலோமீட்டரைக் கடக்க ஏழு ஆண்டுகள்கூட ஆகலாம் என்றும் ஒரு கணித மாதிரியின் கணக்கீடு கூறியது. தண்ணீரில் ஒன்றும் காணாத ஓடையின் பாறை மறைவுக் குட்டைகளில் மணலுக்குள் துகள்கள் உறங்கிக்கொண்டிருக்கலாம்.

ஆனால் மணல் மாதிரியில் ஆய்வகத்தில் ஒரு பொறி இருக்கிறது. துகள்களை மணலிலிருந்து பிரிக்க, அடர்த்தியான உப்புக் கரைசலில் போட்டு மிதக்கவிடுவது வழக்கம். சாதாரண உப்பின் நிறைகரைசலின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 1.2 கிராம், மலிவு, நஞ்சில்லாதது. பாலிஎத்திலீன், பாலிபுரோபிலீன், பாலிஸ்டைரீன் மூன்றும் அதில் மிதக்கும். பாலியஸ்டர் துணி இழையாகிய பெட் வகையின் அடர்த்தி 1.38, அது மணலோடு மணலாகத் தங்கிவிடும். மலையோடையில் நாம் முதன்மையாகத் தேடுவது இழைகளைத்தான் என்னும்போது, இழையைத் தவறவிடும் கரைசலைத் தேர்ந்தெடுப்பது முழு உழைப்பையும் வீணாக்கும். துத்தநாகக் குளோரைடு கரைசல் 1.5-க்கு மேல் அடர்த்தி தரும். அது அரிக்கக்கூடியது, நீர்வாழ் உயிர்களுக்கு நஞ்சு, எனவே வடிகட்டி மீண்டும் மீண்டும் பயன்படுத்திக் கடைசியில் முறையாகக் கையளிக்க வேண்டும். சோடியம் அயோடைடு கையாளச் சற்று எளிது, ஆனால் விலை மிக அதிகம். இவற்றைப் பாதுகாப்பாகக் கையாளும் ஆய்வகம் அருகில் உள்ள குழு மட்டும் அடிமணலைச் சேர்க்கட்டும். மற்றவர்கள் முதல் ஆண்டில் தண்ணீரோடு நிறுத்திக்கொள்வதே நல்லது.

ஆய்வகத்தில்

ஓடை நீரில் வரும் சருகுத் துகள், பாசி, பூச்சி இறகு ஆகியவற்றைக் கரைக்க 30 விழுக்காடு ஹைட்ரஜன் பெராக்சைடே போதுமானது. இரும்பு உப்பைச் சேர்த்தால் விரைவில் முடியும், ஆனால் கரைசல் தானாகவே சூடேறும். குளிர்நீரில் வைத்து வெப்பத்தை அடக்காவிட்டால் சில நெகிழிகள் உருக்குலைந்துவிடும்.

அடையாளம் காண்பதில் மிக மலிவானது நுண்ணோக்கியும் சூடேற்றிய ஊசியும். சந்தேகத்துக்குரிய இழையின் அருகே ஊசியைக் கொண்டுபோனால் பாலியஸ்டர் சுருண்டு உருகும், பருத்தி கருகும். இழை முழுவதும் ஒரே தடிமன், ஒரே நிறம், உள்ளே செல் அமைப்பு இல்லாமை ஆகியவற்றையும் பார்க்க வேண்டும். ஆனால் 100 மைக்ரோமீட்டருக்குக் கீழே கண்ணை நம்ப முடியாது. அதற்கு மேலும் முழுதாக நம்புவதற்கில்லை: உலகக் கடல்களிலிருந்து எடுத்த ஏறத்தாழ 2,000 இழைகளை நிறமாலையால் சோதித்த 2020-ஆம் ஆண்டு ஆய்வில் செயற்கை இழைகள் வெறும் 8.2 விழுக்காடே, மீதியெல்லாம் பருத்தி போன்ற தாவர இழைகளும் கம்பளி போன்ற விலங்கிழைகளும். சாயமேற்றிய நீல இழையைப் பார்த்தவுடன் நெகிழி என்று எண்ணிக்கையில் சேர்க்கும் ஆய்வு, துவைத்த பருத்திச் சட்டையையே எண்ணிக்கொண்டிருக்கக்கூடும்.

நைல் ரெட் என்னும் சாயத்தை ஏற்றி நீல ஒளியில் பார்த்தால் நெகிழித் துகள்கள் ஒளிர்வதால் எண்ணுவது விரைவாகிறது. சிறு துணுக்குகளுக்கு இது நல்ல உதவி. ஆனால் கரையாமல் எஞ்சிய பாசியும் பூச்சி ஓடும் சேர்ந்தே ஒளிரும், கறுப்புத் துகள்களும் சில பாலியஸ்டர் இழைகளும் மங்கிவிடும். இழைகளே மிகுந்த ஓடைக்கு இதை முதன்மை முறையாகக் கொள்ள வேண்டாம்.

எஃப்டிஐஆர் எனப்படும் அகச்சிவப்பு நிறமாலைக் கருவி 10 முதல் 20 மைக்ரோமீட்டர் வரையுள்ள துகள்களின் பலபடி (பாலிமர்) வகையை, அதாவது அது எந்த நெகிழி என்பதை, உறுதியாகச் சொல்லும். சி. வி. ராமன் 1928-இல் கண்டறிந்த ஒளிச்சிதறலின் அடிப்படையில் இயங்கும் ராமன் நிறமாலைக் கருவி ஒரு மைக்ரோமீட்டர் வரைகூடச் செல்லும். ஆனால் இழையின் சாயமும் ஒட்டியிருக்கும் கரிமப் பொருளும் ஒளிர்ந்து நிறமாலையை மறைத்துவிடுவது அதில் அடிக்கடி நேர்வது. நாம் 20 மைக்ரோமீட்டர் தட்டில் வடிகட்டியிருக்கும்போது அதற்குக் கீழே பார்க்கும் கருவிக்குக் கூடுதல் பணம் கொடுப்பதில் பொருளில்லை. எனவே எஃப்டிஐஆர். துகள்களை வெப்பத்தால் சிதைத்து நிறையை அளக்கும் முறையும் உண்டு. தலையோடையில் கிடைக்கும் நிறை மிகச் சொற்பம், வடிவமும் அழிந்துவிடும் என்பதால் அதை இங்கே விட்டுவிடலாம்.

எல்லாத் துகள்களையும் நிறமாலைக்கு அனுப்பப் பணம் இருக்காது. நுண்ணோக்கியில் எண்ணியவற்றுக்கு வரிசை எண்ணிட்டு, சீட்டுக் குலுக்கலில் நான்கில் ஒன்றை எடுத்து அனுப்புங்கள்; பளிச்சென்று தெரிபவற்றை மட்டும் பொறுக்கி அனுப்பினால் விகிதம் பொய்யாகும். வெற்று மாதிரியில் கண்ட இழைகளையும் அதே குலுக்கலில் சேர்த்து அனுப்ப வேண்டும்.

கடைசியாக, காலம். இரண்டு பயணங்களுக்குத்தான் வசதி என்றால், நீர் தெளிந்து குறைந்திருக்கும் நாளில் ஒன்றும், நீண்ட வறட்சிக்குப் பின் பெய்யும் முதல் பெருமழையை ஒட்டி மற்றொன்றுமாக, அதே நான்கு இடங்களுக்கே செல்லுங்கள். இரண்டாம் பயணத்தில் நீர் கலங்கியிருக்கும். 30 லிட்டருக்கு முன்பே தட்டு அடைத்துக்கொள்ளும். அப்போது அழுத்தித் தள்ளாமல் தட்டை மாற்றி, ஒவ்வொரு தட்டிலும் எத்தனை லிட்டர் சென்றது என்பதை அங்கேயே பென்சிலால் குறித்து, அலுமினியத் தாளை மடித்து மூடுங்கள்.